களி கிண்டிய கைகளுக்கு ஒரு கும்பிடு

பெண்பிள்ளையைப் போற்றுவதில் திருநெல்வேலிச் சீமையை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் வயதுக்கு வந்ததுமே தொலி உளுந்து வறுபடும், உடன்குடிக் கருப்பட்டி பாகாகும். களி உருண்டையின் நடுவில் குழி தோண்டி, அது நிரம்ப நல்லெண்ணெய் ஊற்றி, "இடுப்புக்கு நல்லதுட்டி, முழுங்கு" என்று ஆச்சி ஊட்டும் அழகே அழகு. சடங்கு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவோம். காலேஜ் படிப்பு முடியும்வரை அந்தக் களியின் பலத்திலேயே ஓடிவிடுவாள் என்று போட்டிருக்கிறோமே ஒரு கணக்கு, அந்தச் சிக்கனம் எந்த நிதியமைச்சருக்கு வரும்?

அம்பாசமுத்திரத்திலும் வீரவநல்லூரிலும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் வயிற்றில் ஒரு டம்ளர் காபி இருக்கிறது. இட்லியை ஆற அமரத் தின்ன வீட்டில் அண்ணன் இருக்கிறான். முட்டையும் அவனுக்குத்தான், வளரும் பையன், வயது 24. சாயங்காலம் ஜங்ஷனில் அவளுக்கு மிக்சர் பொட்டலமும் ஒரு டீயும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் உப்பையும் காபியையும் குறைத்தால் உப்புசமும் படபடப்பும் தணியலாம் என்று டாக்டர்கள் சொல்வது, ஊறுகாயை நம்பியே சோறு போடும் லேடீஸ் ஹாஸ்டல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான். அந்த ஹாஸ்டல் மோரைத் தனியாகப் புகழ வேண்டும். தாமிரபரணித் தண்ணீரின் ருசி கெட்டுவிடக் கூடாதென்று தயிரைக் கண்ணில் மட்டும் காட்டியிருப்பார்கள்.

1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிலக்குக்கு முந்தின தொல்லைகள் உள்ள பெண்களுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது மாதத்தில் தொல்லைகள் ஏறக்குறையப் பாதியாகின. வெற்று மாத்திரை தின்றவர்களுக்கு 30 சதவீதமே குறைந்தது. வீண் செலவு! 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதென்று நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். ஆனால் நம் வீட்டில் கேழ்வரகு, சர்க்கரை வியாதிக்காரத் தாத்தாவின் தனிச்சொத்து. சத்துக்குறைவில் இன்னொரு சாதனையும் உண்டு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதியைத் தாண்டிவிட்டோம், பாஸ்.

விலக்குக்கு முந்தின அந்த வாரத்தில் மார்பு கனக்கும், தலை வலிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும், விலக்கானதும் விட்டுப்போகும். இதை உறுதிசெய்ய 2 மாதமாவது தினமும் குறித்துவைக்கச் சொல்வார்கள் டாக்டர்கள். நமக்கு எதற்கு அதெல்லாம்? கதவு படாரென்று சாத்தும் சத்தத்தை வைத்தே, அடுப்படியில் இருந்தபடி 'திமிரு' என்று கண்டுபிடித்துவிடுகிறோம். மருந்தும் கைவசம்: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்போயிரும்ளா."

பெண் பார்க்க வரும் தேதியை மட்டும், காலண்டரைப் புரட்டி, அந்த வாரத்தில் விழாமல் குறித்துக்கொள்கிறோம்.