அடுப்புக்கு ஒரு கும்பிடு

வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நாமும் சும்மா இல்லை, 21 அடி நீள அடுப்பைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பசித்தவனுக்குச் சோறு போடுவதே வழிபாடு என்றார் அவர். தைப்பூசத்தன்று ஏழு திரை விலகும் ஜோதிக்கு முண்டியடிப்பவர்களில் எத்தனை பேர் அரிசி மூட்டைக்குத் தோள் கொடுப்பார்கள்? கொடுப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் தரும் அரிசியிலும் காய்கறியிலும்தான் உலை கொதிக்கிறது. மற்றவர்களின் சமாதானம்தான் ருசியானது: “அதுக்குத்தான் கவர்மெண்ட் இருக்கே, வரி கட்டுறோமே!” நியாயம்தான். அப்படியென்றால் ஜோதி தரிசனத்தையும் கவர்மெண்டிடமே விட்டிருக்கலாம். அதற்கு மட்டும் நேரில் வருகிறார்கள், குடும்பத்தோடு, முதல் வரிசைக்குச் சிபாரிசுக் கடிதமும் கையுமாக.