எவ்வளவு போட்டு வாங்கினீங்க?

புதுச் செருப்போடு தெருவில் இறங்கினால் போதும், இவர் பார்வை நேராகக் காலுக்குப் போய்விடும். "எவ்வளவு போட்டு வாங்கினீங்க?" நாம் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு "த்சொ!" அதில் அனுதாபம் பாதி, ஆனந்தம் பாதி. "பாரிமுனை போயிருந்தா இதுல பாதிதான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

செருப்பு கடிக்கிறதா, எத்தனை மாதம் உழைக்கும் என்பதெல்லாம் போட்டு நடக்கிறவர் பாடு. நாம் கொடுத்த விலைக்கும் தான் முடித்திருக்கக்கூடிய விலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் இவருக்கு வேண்டும். அது கூடக் கூட முகம் தெளியும்.

துணிக்கு கோடவுன் தெரு, சார்ஜருக்கு ரிச்சி தெரு, காய்க்கு கோயம்பேடு என்று சென்னையே இவருக்கு ஒரு விலைப்பட்டியல்தான். தக்காளியில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு பஸ் மாறிப் போவார். பஸ் காசு? அது பயணச் செலவாம், தக்காளிக் கணக்கில் வராதாம். ஆடி மாதம் வந்தால் பரண் நிரம்பும். வேண்டாத பொருளைப் பாதி விலைக்கு வாங்கினால் மீதிப் பாதி லாபம் என்பது இவர் கண்ட பொருளாதாரம். அந்தக் கணக்கில் வந்து சேர்ந்த மூன்று ஹாட்பேக்குகள் இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

இவரையும் கவிழ்க்கத் தெரிந்தவர்கள் உண்டு. "பல வருஷமா அதே அஞ்சு ரூபா!" என்று பிஸ்கட் பாக்கெட்டை மெச்சுவார். விலையைத் தொடாமல் கிராமைக் குறைத்துவிட்டார்கள் என்பது, எண்ணித் தின்னும் பேரனுக்குத் தெரியும். கிராமுக்கு என்ன விலை என்று உறையிலேயே போட வேண்டும் என விதி வந்தது. அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். இவர் கண்ணாடி தள்ளுபடியில் வாங்கியது, கொஞ்சம் மங்கல்.

கீரைக்காரம்மாவிடம் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்து, கறிவேப்பிலையும் கொசுறு வாங்காமல் நகரமாட்டார். அதே மனிதர் நகைக்கடை ஏ.சி.யில் உட்கார்ந்தால் வேறு ஆள். சேதாரம் 14 சதவீதம் என்கிறார்கள், தலையாட்டுகிறார். 2023 ஏப்ரலிலிருந்து தங்க நகையில் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் கட்டாயம். அதைத் தேடுவாரா? காலண்டரும் கட்டைப்பையும் உண்டா என்பதில்தான் குறி.

இவரோடு பழகியவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை வைத்திருப்பார்கள். ஒன்று கடையில் கொடுத்தது, மற்றொன்று இவரிடம் சொல்வது. பக்கத்து வீட்டுத் தம்பி 750 ரூபாய்ச் சட்டையை "முந்நூறுதான் சார்" என்று சொல்லித் தப்பித்தார். தப்பித்ததாக நினைத்தார். மறுநாள் காலையில் இவர் 600 ரூபாயோடு வாசலில் நின்றார். "அதே மாதிரி ரெண்டு, 42 சைஸ்."

தம்பி மூச்சு விடவில்லை. கைக்காசு 900 போட்டு வாங்கி வந்து கொடுத்தார். இவர் துணியைத் தடவிப் பார்த்தார். "ரெண்டா எடுத்ததுக்கு அம்பது ரூபா குறைச்சிருப்பானே, கேக்கலையா?"