நெய் துறந்த படலம்

1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில தோழர்களும் வீகன் சங்கம் தொடங்கினார்கள். பால், வெண்ணெய், முட்டை எதுவும் ஆகாது என்பது கொள்கை. போர்க்கால ரேஷனில் வெண்ணெயை அளந்துதான் கொடுத்தார்கள். துறவுக்குத் தோதான காலம்.

சென்னையின் புது வீகனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பாதாம் பால், டோஃபு, இறக்குமதி சீஸ் என்று மாதச் சம்பளத்தில் கைவைக்கிறார். வீட்டு இட்லி, தக்காளிச் சட்னி, வத்தக்குழம்பு, சுண்டல் எல்லாமே வீகன்தான் என்றால் முகம் வாடிவிடுகிறது. பாட்டி சமைத்ததையே சாப்பிட எதற்குக் கொள்கை?

உண்மையான சோதனை தயிர்சாதம். ஊறவைத்த நிலக்கடலையை அரைத்துப் பிழிந்து, காய்ச்சி ஆறவைத்து, பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைக்கிறார். மறுநாள் தயிர் என்னவோ உறைந்துதான் இருக்கிறது. வாசம் மட்டும் கடற்கரை வேர்க்கடலை வண்டியுடையது.

அடுத்தது காபி. சூடான டிகாக்‌ஷனில் சோயா பால் திரிந்து டம்ளரில் திப்பி திப்பியாக மிதக்கிறது. அதையும் குடித்துவிட்டு, “பழகிவிட்டது” என்கிறார்.

செடிகொடிகளில் பி12 போதிய அளவு கிடைக்காது என்று மருத்துவர் மாத்திரை எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கேப்ஸ்யூல் மேலுறை ஜெலட்டினா?” என்று கேட்கிறார். கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.