ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரேசில்

முதுகில் பெரிய பையொன்றைச் சுமந்து, துணைக்கு ஆள் தேடாமல், கையைக் கடிக்காத செலவில் ஊர் ஊராகத் திரிபவரைப் பயண நூல்கள் 'பேக்பேக்கர்' என்று வகைப்படுத்துகின்றன. ஆயினும் பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் அத்தகைய பையோடு ஒருவர் நின்றால், அவர் கணினி நிறுவன ஊழியராகவோ சாப்பாடு கொண்டுவந்தவராகவோதான் கொள்ளப்படுவார் என்பதால், ஒரு வாசலில் நின்று அவர் வழி கேட்க வாயெடுக்கும் முன்பே "நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்ற விடை உள்ளிருந்து வந்துவிடக்கூடும். இப்பகுதிக்கு எஃப். கிட்டல் நகர் என்றொரு பெயரும் உண்டு. 1894இல் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜெர்மானியப் பாதிரியாரின் நினைவாக அமைந்த அப்பெயரை ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லிப் பார்க்கும் பயணிக்கு, ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் சொன்னவரின் பெயருக்கே பொருள் சொல்ல வேண்டிய பொறுப்பு வந்து சேர்கிறது.

இவ்வகைப் பயணியின் ஆசைப் பட்டியலில் தென்னமெரிக்க நகரம் ஒன்று தவறாமல் இருக்கும்; விமானக் கட்டணம் தெரிந்த மறுகணமே அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போவதும் தவறாது. அவ்வாறு தள்ளிப்போட்டவர், அந்தக் கண்டம் தவணை முறையில் ஏற்கெனவே இங்கு வந்து குடியேறியிருப்பதைக் கவனித்தால், விசா இல்லாமலேயே ஒரு பகலை ஓட்டிவிடலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்திலுள்ள சாவ் பாவ்லோவை விட, 920 மீட்டரில் நிற்கும் பெங்களூரு சற்று மேலேயே இருக்கிறது. 3,600 மீட்டரிலுள்ள லா பாஸில் இறங்கும் வெளியூராருக்குக் காற்றில் உயிர்வளி குறைவதால் தலை சுற்றுமாம். இங்கு அந்த வேலையை வீட்டு வாடகை பார்த்துக்கொள்கிறது.

பழைய மதில்களில் வழியும் காகிதப்பூவும், கோடையின் தொடக்கத்தில் நடைபாதையை ஊதாவாக்கும் ஜகரண்டாவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. பள்ளி வாசல் தள்ளுவண்டியில் ஒரு கொய்யாவை நான்காகக் கீறி, பிளவுக்குள் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, காகிதத் துண்டில் வைத்துத் தரும்போது, கொய்யாவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் வரவுகள் என்பதால், அந்தக் காகிதத் துண்டில் உப்பு மட்டுமே உள்ளூர்க்காரர். மிளகைப் போல் உறைத்த காயை 'மிளகாய்' என்று தமிழ் தத்தெடுத்துக்கொண்டது. பூர்வீகம் கேட்கும் பழக்கம் மனிதர்களிடம் மட்டும்தான் போலும். மசாலா தோசையின் நிலைமை இன்னும் மோசம்: ஆண்டிஸ் மலைக் கிழங்கை எடுத்துவிட்டால் அதில் மசாலா என்ற சொல்லுக்கு ஆதாரமே மிஞ்சாது.

அசோக் நகர் கால்பந்து மைதானத்தைக் கடந்து, டிரினிட்டி சர்க்கிள் வழியாக அல்சூர் ஏரிப் பக்கம் சென்றால், தமிழர் மிகுந்த கௌதமபுரம் வரும். கால்பந்துப் பித்தின் காரணமாக 'மினி பிரேசில்' என்று பெயரெடுத்த பகுதி இது. 1948 ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக, பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடிய இந்திய அணியின் ஒரே கோலைப் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் அடித்தார் என்பதால், இந்நகரின் பித்து இரவல் பித்து அன்று. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோர் வரிசையில் இங்கு பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்கும் சிலை உண்டு. 1977இல் அமெரிக்காவின் காஸ்மாஸ் அணியோடு வந்த பெலே, மோகன் பகான் அணியுடன் ஆடி 2–2 என்று சமன் செய்தது கொல்கத்தாவில்தான். ஆயினும் மகான்கள் வரிசையில் அவருக்கு இடம் ஒதுக்கியது இந்தத் தெரு.

உலகக் கோப்பை நாட்களில் சந்துகளுக்குக் குறுக்கே பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் தொங்கும்போது, புதிதாக வருபவரிடம் ஊரும் பேரும் கேட்கப்படுவதற்கு முன், "எந்த டீமு தம்பி?" என்று கேட்கப்படுகிறது. தமக்கு விளையாட்டில் அவ்வளவாக ஆர்வமில்லை என்றும், தென்னமெரிக்கப் பண்பாட்டை அறியவே வந்ததாகவும் விளக்கும் பயணியின் பையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திண்ணைப் பெரியவர் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி:

"அப்போ, யாரு வீட்டுக்கு டெலிவரி?"