கவுளிக்குள் ஓர் இலை

மேலாண்மைப் படிப்புப் படித்துப் பெரிய உத்தியோகஸ்தனாகிவிட வேண்டும் என்ற ஆசை, சேர்வராயன் மலைச்சாரலுக்குப் பக்கத்தில், மொரப்பூருக்கும் சேலத்துக்கும் இடையே ரயில் வண்டி மூச்சு வாங்கும் நேரம் மட்டும் நின்று போகிற பொம்மிடியில், வெற்றிலை வியாபாரி ஒருவருக்கு ஏக புத்திரனாகப் பிறந்த எனக்கு எவ்விதம் உண்டாயிற்று என்று கேட்டால், திருப்திகரமான சமாதானம் என்னிடம் கிடையாது. இதே கேள்வியைப் பின்னாளில் ஒரு நேர்முகத் தேர்விலும் கேட்டார்கள். அங்கும் கிடையாது.

இந்திய மேலாண்மைக் கழகங்கள் நடத்தும் பொது நுழைவுத் தேர்வுக்குக் ‘கேட்’ என்று பெயர். 2022-ஆம் வருஷம் நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, 2,300 ரூபாய் கட்டணம் செலுத்திவிட்டு, நெற்றியில் விபூதியுடன் அதை எழுதச் சேலத்துக்குப் பிரயாணமானேன். என் பாட்டி அதை ரயில்வே கேட்டில் உத்தியோகம் பார்ப்பதற்கான பரீட்சை என்றே நம்பி வழியனுப்பினாள். இன்றுவரை அந்த நம்பிக்கையை அவளிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நான் பெற்ற மதிப்பெண்ணை உத்தேசிக்கையில், அவளுடைய லட்சியம் என்னுடையதைவிட எவ்வளவோ நியாயமானது.

அவ்வருஷம் வினாக்கள் 66, பகுதிகள் மூன்று, பகுதிக்கு 40 நிமிஷம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பார்கள். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் தவறானதைத் தொட்டுவிட்டாலோ, ஏற்கனவே சம்பாதித்ததில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். இந்தப் பிடுங்கும் வழக்கம் எனக்குப் புதிது. “ஒரு கேள்வியையும் விடாதே, ஒன்றும் தெரியாவிட்டால் கேள்வி நம்பரையாவது எழுதி வை” என்பது எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அருளிய உபதேசம். குருவாக்கியத்தை மீறுவது மகாபாவம் என்று கருதி, தெரிந்தது, தெரியாதது, படித்தே பார்க்காதது ஆகிய சகல வினாக்களுக்கும் பட்சபாதமின்றி விடையளித்துவிட்டு, சாயங்கால வண்டியில் மனநிறைவோடு ஊர் திரும்பினேன்.

டிசம்பர் 21-ஆம் தேதி முடிவு வந்தது. எனக்குக் கிடைத்தது 38.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் 35 வாங்கினால் தேர்ச்சி என்பது குழந்தையும் அறிந்த தர்மம். ஆகவே தகப்பனார், மூன்று மதிப்பெண் அதிகப்படியாகவே வாங்கி மகன் கரையேறிவிட்டான் என்று தீர்மானித்து, நான் வாயைத் திறப்பதற்குள் அரைக் கிலோ மைசூர்பாகைத் தெருவுக்கு விநியோகம் செய்து முடித்துவிட்டார்.

“அது மார்க் இல்லைங்கப்பா, பெர்சென்டைல்” என்றேன்.

“அப்படின்னா?”

இதைச் சாஸ்திரீயமாக விளக்கப் புகுந்து, வியர்த்து, கடைசியில் கடைக்குள்ளிருந்த ஒரு கவுளி வெற்றிலையையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெற்றிலைக் காம்பையே கிள்ளாத நகரவாசிகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்: கவுளி என்பது நூறு இலை கொண்ட கட்டு. “பரீட்சை எழுதினவங்க எல்லாரும் இந்த ஒரு கவுளின்னு வெச்சுக்குங்க. கீழே முப்பத்தெட்டு இலை. அதுக்கு மேலே நான்.”

தகப்பனார் கவுளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நடுவாந்தர இலைதானே? மேல் இலை வெயில்ல வாடும், அடி இலை ஈரத்துல அழுகும். நடு இலைதான்டா நாலு நாள் நிக்கும்” என்றார். அவ்வருஷம் பதினொரு பேர் 100 பெர்சென்டைல் வாங்கிய விஷயத்தைப் பிரஸ்தாபித்தபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நூறு இலையும் தனக்குக் கீழேன்னா, அவன் இலையா, கவுளி கட்டுறவனா?” தசம புள்ளிக்குப் பின்னால் நடைபெறும் சூட்சுமங்களை எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

2011-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்த மேலாண்மைக் கழகத்தின் மீது எனக்கொரு கண் இருந்தது. அதற்கு என்மீது இருக்கவில்லை. ஆனால் ஜனவரி பிறந்ததும், நான் கேள்வியே பட்டிராத ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தினம் இருவேளை தொலைபேசி அழைப்பு வரத் தொடங்கிற்று. என்னுடைய ‘புரொஃபைல்’ அவர்களை மிகவும் கவர்ந்துவிட்டதாம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தகப்பனாரோ வெற்றிலையைக் கிள்ளியபடியே யோசித்தார். “வாடின இலையைத் தேடி ஒருத்தன் தோட்டத்துக்கே வர்றான்னா, நாளைக்குப் பெரிய முகூர்த்தமா இருக்கணும். மார்கழியில ஏதுடா முகூர்த்தம்?” கட்டண விவரத்தைப் பார்த்த பிறகு தீர்ப்பையும் வழங்கினார்: “இவங்க நம்ம இலையை வாங்க வரலை, அவங்க இலையை நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க.”

மார்ச் மாதம் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ‘டான்செட்’ நுழைவுத் தேர்வை எழுதினேன். அங்கும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பிடிப்பார்கள். இம்முறை வாத்தியாரை மனத்துக்குள் நமஸ்கரித்துவிட்டு, தெரியாததையெல்லாம் வெறுமனே விட்டேன். கலந்தாய்வில் சேலத்தில் ஒரு கல்லூரி கிடைத்தது. ரயிலில் போய் வந்தேன். தேவை பெருகினால் விலை ஏறும் என்பதை முப்பது பக்கத்தில் படித்துவிட்டு வந்து ஒருநாள் சாயங்காலம் தகப்பனாருக்கு விரிவாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, மறுநாள் முகூர்த்தமாதலால் கவுளிக்கு விலையை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனார்.

இரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரம் பேர் எழுதிய அந்தத் தேர்வில், எனக்குப் பின்னால் நின்றவர்கள் உத்தேசம் எண்பத்து நாலாயிரம் பேர். அவர்களில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அந்தப் பக்கம் ரயிலில் வரும்போது பொம்மிடியில் இறங்கி வெற்றிலைக் கடை எங்கே என்று விசாரியுங்கள். உங்களுக்குத் தாம்பூலம் இலவசம். நடு இலையாகவே எடுத்துத் தருகிறேன்.