கொப்புல குடியேறப் போறீகளாக்கும்!

ஏப்பு, மெட்ராசுல பதினாலாவது மாடியில குடியிருக்கிறவன் நீ. அந்த ஒசரம் பத்தலைன்னு, புதுப் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வயநாட்டுல மரத்துமேல தங்கப் போறியாம், அப்பத்தா சொன்னா. ஒரு ராத்திரி வாடகையையும் சொன்னா. அதைக் கேட்டதுல இருந்து நம்ம வாசல் வேப்பமரத்தைக் கொஞ்சம் மரியாதையாத்தான் பாக்குறேன்.

போப்பு, வேணாங்கலை. பெரிய இடத்து ஆளுகளும் ஏறுனதுதான். கென்யாவுல ட்ரீடாப்ஸுன்னு ஒரு ஓட்டல், 1932ல காட்டு அத்திமரத்து மேல கட்டுனது. 1952 பிப்ரவரியில எலிசபெத்து அங்க ராத்தங்கி, தண்ணி குடிக்க வந்த மிருகத்தையெல்லாம் பாத்தாக. அந்த ராத்திரியில சீமையில அப்பாரு போய்ச் சேந்துட்டாரு. ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி. சேதிதான் கீழ வந்தப்பறம் தெரிஞ்சுச்சு. நீயும் ஏறு. ஏறும்போது மாப்பிள்ளை, இறங்கும்போது யாருங்கிறதைக் கிரெடிட் கார்டுக்காரன் போன் போட்டுச் சொல்வான்.

மரத்துமேல ஏறுனவுக எதுக்கு ஏறுனாகன்னு யோசிச்சுப் பாத்தியா? வள்ளி பரண்ல நின்னது தினை காக்க. முருகன் வந்து நின்னது வேற சோலிக்கு, அதை விடு. வயநாட்டு ஆதிவாசிக ஏறுமாடம் கட்டுனது யானை மிதிக்காம உசுரு தப்பவும், வெள்ளாமையைக் காக்கவும். அவுக தூங்காம இருக்க ஏறுனாக; நீ தூங்குறதுக்குக் காசு கட்டி ஏறுற.

வைத்திரிப் பக்கம் ஒரு மரவீட்டுல ஆளைக் கூண்டுல ஏத்துனாகளாம். மறுமுனையில தண்ணியை நெரப்புவாக. அந்தக் கனத்துல கூண்டு மேல போயிரும். நம்ம கமலையில மாடு கீழ இறங்கும், தண்ணி மேல வரும். அங்க தண்ணி கீழ இறங்குது, மாப்பிள்ளை மேல போறாரு. மாடுதான் மிச்சம்.

மசினகுடிப் பக்கம் மனசு போச்சுன்னா மட்டும் கொஞ்சம் நில்லு. சீகூர்ல யானை நடக்குற தடத்துலயே தங்கும் விடுதியைக் கட்டி, வேலியும் போட்டாக. 2018ல பல விடுதிக்குச் சீல் வைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர்ல அந்தத் தடம் யானைக்குத்தான்னு உறுதியாச் சொல்லிருச்சு. யானைகிட்ட பட்டா இருக்கான்னு கேக்காதே. அது பூட்டன் காலத்துல இருந்து நடக்குற பாதை. ரூம் போடுறதுக்கு முன்னாடி விடுதி எங்க நிக்குதுன்னு கேளு. வெந்நி வருமா, வைஃபை வருமாங்கிறதைப் பொறகு கேட்டுக்கலாம்.

நம்ம செட்டிநாட்டு ஆளுக கெட்டிக்காரவுக. காட்டுக்குப் போய் மரத்துமேல வீடு கட்டலை. பர்மாக் காட்டையே வெட்டிக் கப்பல்ல ஏத்தியாந்து வீட்டுக்குள்ள நிறுத்திப்புட்டாக. கானாடுகாத்தான்ல எந்தப் பெரிய வீட்டு வளவுக்குள்ள போனாலும் தேக்குத்தூண் வரிசையா நிக்கும். இப்ப அதுல சிலதும் ஓட்டலாயிருச்சு. அங்க தங்குனாலும் மரத்தோட தங்குன கணக்குத்தான். விழுந்தா ஆத்தங்குடிக் கல்லுலதான் விழுவே.

நெசமான மரவீட்டுக்காரவுகளைப் பாக்கணும்னா, திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போ. 1977ல அறிவிச்சது. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்குள்ள நிக்கிற மரத்துல நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், உண்ணிக்கொக்குன்னு வந்து குடும்பம் நடத்துதுக. முன்பதிவு கிடையாது, ரூம் சர்வீசு கிடையாது. வாடகை மட்டும் ஒழுங்காக் குடுக்குதுக: எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணி வயலுக்கு எருவாப் பாயுது. நீ போற எடத்துல மரத்தடியில எதைப் போட்டுட்டு வருவே? தண்ணிப் பாட்டிலு.

குடிவச்சவுகளும் லேசுப்பட்டவுக இல்லை. குஞ்சுக மிரண்டுறக் கூடாதுன்னு அந்த ஊருக்காரவுக தீவாளிக்கு வெடி போடுறதில்லை. வருசாவருசம் வனத்துறை வந்து இனிப்புக் குடுத்துட்டுப் போகும். வெடி கேட்டு அழுகுற பிள்ளையை வச்சுக்கிட்டு, கொக்குக்காகப் பொறுத்துப் போறாக பாரு, அவுகளுக்குத் தெரியும் மரத்துமேல இருக்கிறவுககிட்ட எப்படி நடந்துக்கணும்னு. உன் பொட்டியில ப்ளூடூத்து ஸ்பீக்கர் இருக்கிறதை நான் பாத்துட்டேன் அப்பு. அதை எடுத்து அப்பத்தாகிட்ட குடு. அவ கந்தசஷ்டி கேக்கட்டும். அதோட, ரூமுக்குள்ள வாழைப்பழம் வச்சுக்காதே, மந்தி உன்னைய மதிக்காது. அட்டைக்கு உப்புக் கொண்டுபோ.

கடைசியா ஒண்ணு. கெளம்புறதுக்கு முன்னாடி, மார்கழியில ஒரு காலையில, பொண்டாட்டியோட கொள்ளுக்குடிப்பட்டிக் கரையில போய் நில்லு. பேசாம, போனை நோண்டாம, ஒரு மணி நேரம். நிக்க முடிஞ்சுச்சுன்னா வயநாட்டுக்கு ரூம் போடு, பாதிக் காசு நான் தாரேன். முடியலையா, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு லாட்ஜைப் பாத்துப் படு. ராத்திரி பூரா ஹாரன் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். உனக்கு நல்லாத் தூக்கம் வரும்.