ஆரோக்கியக் குச்சி ஐஸ்

வீட்டிலேயே பழக் குச்சி ஐஸ் செய்வது பெரிய சிக்கனம். அச்சு, குச்சி, மிக்ஸி ஜார், உறைய வைக்கப் புது பிரிட்ஜ். அவ்வளவுதான் செலவு.

1905-இல் அமெரிக்காவில் பிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், பானத்தைக் கலக்கிய குச்சியோடு தம்ளரை வாசலில் மறந்துவிட்டானாம். விடிந்தால் குச்சி ஐஸ். எங்கள் ஊர் ஆலந்தலையில் அப்படி வைத்தால் விடியும்போது எறும்புதான் இருக்கும். ஆகவே பிரிட்ஜ் நியாயமே.

பழத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தெருவில் நுங்கு வருகிறது; பக்கத்து உடன்குடியில் கருப்பட்டி இருக்கிறது. இரண்டும் கண்ணெதிரே கிடைப்பவை, எனவே சத்திருக்க வாய்ப்பில்லை. நியூசிலாந்துக் கிவிதான் உசிதம். கடல் தாண்டி வந்த பழத்துக்கு மரியாதை தர வேண்டாமா?

ராத்திரி முழுக்க உறைந்தது. அதே ஃப்ரீசரில் அத்தை வைத்த சீலாத் துண்டுகளும் உறைந்தன. சின்னவன் ஒரு நக்கு நக்கிவிட்டு, "யம்மா, இது மீன் ஐஸா?" என்றான். கடற்கரை ஊரில் மண்ணின் மணம் இல்லாமல் எப்படி?

சாயங்காலம் சேமியா ஐஸ்காரர் மணியடித்தார். ஐந்து வாங்கினோம். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்.